கிளவுட் பில் முதல் பாண்டு பத்திரம் வரை: மென்பொருள் தொழில் கேள்வி – பதில்

கேள்வி: ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். நாங்கள் நான்கு பேர்; வாடிக்கையாளர்கள் அறுபது. அமேசான் கிளவுடின் மும்பை ரீஜனில் ஓடுகிறது. ஆறு மாதம் முன்பு மாதம் 14,000 ரூபாய் வந்த பில், இப்போது 38,000. வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடவே இல்லை. எங்கே தேடுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாடிக்கையாளர் கூடாமல் பில் மட்டும் கூடினால், சர்வரைச் சந்தேகிப்பதற்கு முன் சர்வரைச் சுற்றியுள்ள சில்லறைச் சாமான்களைச் சந்தேகியுங்கள். அமேசான் கணக்கில் செலவைக் காட்டும் பக்கமான காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்ததும் அது 'சர்வீஸ்' வாரியாகக் கணக்குக் காட்டும். அதில் பாதிப் பணம் 'ஈசி2 (வாடகை சர்வர்) – இதர' என்ற ஒரே தலைப்பில் போய் ஒளிந்துகொள்ளும். 'யூசேஜ் டைப்' வாரியாகப் பிரித்து, ஆறு மாதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எந்த வரி எந்த மாதம் ஏறியது என்று தெரிந்ததும், அந்த மாதத்தை நாள் வாரியாக விரித்தால் ஏறிய தேதி கிடைக்கும். அந்தத் தேதியில் உங்களில் யார் எதை மாற்றினார் என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் பார்க்க வேண்டியது நாட் கேட்வே, அதாவது தனி வலையில் இருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வாசல். இணையத்தில் கிடைக்கும் மாதிரி டெம்ப்ளேட்டை அப்படியே ஓட்டினால், ஒவ்வொரு அவெய்லபிலிட்டி ஸோனுக்கும் (ரீஜனுக்குள் இருக்கும் தனித்தனி டேட்டா சென்டர் தொகுதி) ஒரு நாட் கேட்வே தானாக உருவாகும். மும்பையில் ஒன்றுக்கு மணிக்கு 0.056 டாலர், மாதம் 730 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 41 டாலர். லைவுக்கு இரண்டு, டெஸ்டிங்குக்கு இரண்டு என்று நான்கு இருந்தால், ஒரு பைட் தகவல்கூடப் போகாமலேயே 160 டாலரைத் தாண்டிவிடும். அதாவது மாதம் 14,000 ரூபாய்க்கு மேல். அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் அதே 0.056 டாலர் தனியாக உண்டு. உங்கள் சர்வர் எஸ்3-க்கு (அமேசானின் கோப்புச் சேமிப்பு) அனுப்பும் பில் பிடிஎஃப்கள், டெப்ளாய் செய்யும் ஒவ்வொரு முறையும் இறங்கும் டாக்கர் இமேஜ்கள் (அப்ளிகேஷனின் பொதிகள்) எல்லாம் இந்த வழியில்தான் போகின்றன. எஸ்3-க்கு நேராகப் போகும் உள்வழியான கேட்வே எண்ட்பாயிண்ட் இலவசம். அதை அமைத்து ரவுட் டேபிளில் (வலையின் வழிப் பட்டியல்) சேர்த்தால் எஸ்3 போக்குவரத்து நாட் கேட்வேயைத் தொடாது. அமேசான் கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரியிலிருந்து இறங்கும் இமேஜ் அடுக்குகளும் எஸ்3-யிலிருந்தே வருவதால், அந்தச் செலவும் சேர்ந்தே குறையும்.

எங்களைக் கேட்டால், நான்கு பேர் நடத்தும் நிறுவனத்துக்கு நாட் கேட்வேயே வேண்டாம். அப்ளிகேஷன் சர்வரைப் பப்ளிக் சப்நெட்டில் (இணையத்தோடு நேரடியாக இணைந்த வலைப் பகுதி) வைத்து, அதன் காவல் விதிகளான செக்யூரிட்டி குரூப்பில் இணையப் பக்கத்துக்கான 443-ஆம் போர்ட்டை மட்டும் திறந்துவிடுங்கள். சர்வருக்குள் நுழையும் 22-ஆம் போர்ட்டை மூடிவிட்டு, அதற்குப் பதில் அமேசானின் செஷன் மேனேஜரைப் பயன்படுத்துங்கள். டேட்டாபேஸ் பிரைவேட் சப்நெட்டிலேயே இருக்கட்டும். அது வெளி இணையத்துக்குப் போக வேண்டிய தேவை இல்லை. சர்வரின் பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கு மட்டும் கட்டணம் உண்டு. 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், மாதம் 3.65 டாலர். பயன்பாட்டில் இருந்தாலும் சும்மா கிடந்தாலும் அதே கட்டணம்தான். பழைய எலாஸ்டிக் ஐபிக்கள் (நிலையான பப்ளிக் முகவரிகள்) நான்கைந்து சேர்ந்திருந்தால் 'ரிலீஸ்' செய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, நிறுத்திவைத்த சாமான்கள். ஈசி2-வை நிறுத்தினால் கணினிக்கான கட்டணம்தான் நிற்கும். அதோடு ஒட்டியிருக்கும் டிஸ்கின் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அமேசானே பராமரித்துத் தரும் ஆர்டிஎஸ் டேட்டாபேஸில் இதைவிட மோசம்: நீங்கள் நிறுத்தினாலும் ஏழு நாள் கழிந்ததும் அது தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும். டெஸ்டிங் டேட்டாபேஸை நிறுத்தியாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது. நீண்ட நாள் தேவையில்லை என்றால் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து முழு நகல்) எடுத்துவிட்டு அழித்துவிடுவதே சரி. ஜிபி2 (gp2) வகை டிஸ்குகள் இருந்தால் ஜிபி3-க்கு (gp3) மாற்றுங்கள். ஓடும்போதே மாற்றலாம். ஒரு ஜிகாபைட்டுக்கான விலை 20 சதவீதம் குறைவு. அடிப்படையிலேயே 3,000 ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற அளவு) கிடைக்கும். ஆயிரம் ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஜிபி2 டிஸ்க் என்றால் அது இப்போது எவ்வளவு ஐஓபிஎஸ் தருகிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கிளவுட்வாட்ச் சேவையில் சேரும் லாகுகளை (சர்வரின் செயல்பாட்டுப் பதிவுகள்) பலர் மறந்துவிடுகிறார்கள். லாக் குரூப் உருவாகும்போது 'என்றும் அழியாது' என்பதே அதன் இயல்பான அமைப்பு. ஆனால் சேமிப்பைவிட லாகை உள்ளே வாங்கும் கட்டணம்தான் பெரிது. யாரோ பிழை தேடுவதற்காக லைவில் டிபக் லெவலை (எல்லாவற்றையும் விரிவாகப் பதியும் நிலை) போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார். அதற்காக லாகை ஏழே நாளில் அழித்துவிடவும் வேண்டாம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, கணினி அமைப்புகளின் லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் போன்ற சம்பவங்களைத் தெரிந்துகொண்ட ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்கவும் வேண்டும். ஒரு மாத லாக் கிளவுட்வாட்சில், மீதி எஸ்3-யில் என்று பிரித்து வையுங்கள்.

பட்ஜெட் அலெர்ட் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறோம். 50, 80 சதவீதத்தில் ஒவ்வொன்று, மாத முடிவில் தாண்டிவிடும் என்று கணித்தால் ஒன்று எனப் போடுங்கள். அது எச்சரிக்கை மட்டுமே, செலவை நிறுத்தாது. கணக்கு பல மணி நேரம் தாமதமாகத்தான் புதுப்பிக்கப்படும். இன்னொன்று: டாக்ஸ் செட்டிங்கில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? அது இல்லாத பில்லுக்குக் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது.

சேவிங்ஸ் பிளான் (இவ்வளவு செலவழிப்பேன் என்று முன்கூட்டியே உறுதி தந்து தள்ளுபடி பெறும் திட்டம்) வாங்கச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால், மேலே சொன்னவற்றைச் சரிசெய்து இரண்டு மாத பில் பார்த்த பிறகு வாங்குங்கள். வீணாகும் செலவுக்கு ஓராண்டு உத்தரவாதம் எழுதிக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆர்டிஎஸ்-ல் இருக்கிறது. தானியங்கி பேக்கப் ஏழு நாளுக்கு ஓடுகிறது. இது போதுமா?
– வாசகி, மதுரை

பதில்: போதாது. வட்டு பழுதானால், ஒரு டேபிளைத் தவறுதலாக அழித்துவிட்டால் அந்தப் பேக்கப் காப்பாற்றும். உங்கள் கிளவுட் கணக்கையே ஒருவர் கைப்பற்றினாலோ, டேட்டாபேஸையே யாராவது அழித்தாலோ காப்பாற்றாது. அழிக்கும்போது 'தானியங்கி பேக்கப்பை வைத்திரு' என்ற பெட்டியைத் தேர்வு செய்யாவிட்டால், பேக்கப்பும் டேட்டாபேஸோடு சேர்ந்தே போய்விடும்.

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நடந்தது இதுதான். அதன் அமேசான் கன்சோலுக்குள் நுழைந்த ஒருவன் பணம் கேட்டான். நிறுவனம் கணக்கை மீட்கப் பார்த்தபோது ஸ்னாப்ஷாட்டுகள், எஸ்3 பக்கெட்டுகள் (கோப்பு வைக்கும் தொகுப்புகள்), சர்வர்கள் என்று அழித்துக்கொண்டே போனான். பேக்கப் இருந்தது, ஆனால் அதே சாவியால் திறக்கக்கூடிய இடத்தில் இருந்தது. நிறுவனம் மூடப்பட்டது.

2017 ஜனவரி 31-ல், நிரல்களைச் சேமித்துத் தரும் தளமான கிட்லேபில் நடந்தது வேறு வகை. இரண்டாம் டேட்டாபேஸை அழிப்பதாக நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை ஒரு பொறியாளர் அழித்தார். 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் எஸ்3 பக்கெட் காலி. போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸை 9.2 பதிப்பின் டம்ப் கருவி (டேட்டாபேஸைக் கோப்பாக நகலெடுப்பது) கொண்டு எடுக்க முயன்று, ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ, அனுப்பியவரைச் சரிபார்க்கும் டிமார்க் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யாரையும் சேரவில்லை. டெஸ்டிங்குக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். பேக்கப் எடுக்கும் எவரும் அதை ஒருமுறை படிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பேக்கப்புக்கென்று தனி அமேசான் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அதன் ரூட் (எல்லா உரிமையும் உள்ள தலைமைப் பயனர்) கடவுச்சொல்லும் இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பும் தினசரி வேலை செய்பவரிடம் இருக்கக் கூடாது. அங்கே ஹைதராபாத் ரீஜனில் ஒரு எஸ்3 பக்கெட். அதில் வெர்ஷனிங்கும் (பழைய பதிப்புகளையும் வைத்திருப்பது), கோப்பைப் பூட்டிவைக்கும் ஆப்ஜெக்ட் லாக்கும் (lock) கம்ப்ளையன்ஸ் முறையில் 30 நாட்களுக்கு. அந்த 30 நாட்களுக்குள் ரூட்டே நினைத்தாலும் அந்தக் கோப்பை அழிக்க முடியாது. தினமும் இரவு போஸ்ட்கிரெஸின் பிஜிடம்ப் (pg_dump) கருவியால் கஸ்டம் ஃபார்மட்டில் எடுத்து அங்கே அனுப்புங்கள். அனுப்பும் சர்வருக்கு எழுதும் உரிமை மட்டும் போதும். டம்ப் கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும்.

ஸ்னாப்ஷாட்டாகவே வேறு கணக்குக்கு அனுப்பலாமே என்று முயல்பவர்கள் ஓரிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். இயல்பாக வரும் ஆர்டிஎஸ் சாவியால் என்கிரிப்ட் செய்த ஸ்னாப்ஷாட்டை வேறு கணக்கோடு பகிர முடியாது. அமேசானின் சாவி நிர்வாகச் சேவையான கேஎம்எஸ்-ல் நீங்களே உருவாக்கிய சாவியால் மறுபடி நகலெடுத்துத்தான் பகிர வேண்டும். விபத்து நடந்த இரவில் இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

மாதம் ஒருமுறை அந்தக் கோப்பை எடுத்து, வேறு ஒரு புதிய டேட்டாபேஸில் மீட்டுப் பாருங்கள். மீட்க எத்தனை நிமிடம் ஆயிற்று, முக்கியமான ஐந்து டேபிள்களில் எத்தனை வரிசைகள், கடைசிப் பில்லின் தேதி என்ன என்று மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நாங்கள் பேக்கப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை. வேலை தோற்றால் அலெர்ட் என்று வைக்காமல், '26 மணி நேரத்துக்குள் புதிய கோப்பு வரவில்லை என்றால் அலெர்ட்' என்று வையுங்கள். அலெர்ட் அனுப்பும் இடமே செத்துப்போனாலும் தெரிய வேண்டும் என்பதால், அந்தச் சோதனை வேறு சர்வரிலிருந்து ஓடட்டும். வாடிக்கையாளர் ஏற்றிய படங்களும் பிடிஎஃப்களும் டேட்டாபேஸ் பேக்கப்பில் வராது என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டின் நிரலை (கோடு), நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றினேன். அதில் அமேசான் கணக்கைத் திறக்கும் சாவியான ஆக்சஸ் கீயும் போய்விட்டது. இரண்டே நாளில் நான் தொடங்காத சர்வர்கள் ஓடி, பெரிய தொகை பில்லில் நிற்கிறது. ஃபைலை அழித்துவிட்டேன். இனி என்ன செய்வது?
– மாணவர், திருச்சி

பதில்: ஃபைலை அழித்ததால் பயன் இல்லை. பொதுவில் ஏறும் நிரலைப் படித்துச் சாவி தேடும் தானியங்கி நிரல்கள் (bot) சில நிமிடங்களிலேயே அதை எடுத்துவிடும். முதல் வேலை, பயனர் உரிமைகளை நிர்வகிக்கும் ஐஏஎம் பக்கத்தில் அந்தச் சாவியை 'இன்ஆக்டிவ்' ஆக்குவது. பிறகு ரூட் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். நீங்கள் உருவாக்காத யூசர், ரோல் (சர்வருக்கோ யூசருக்கோ தரும் உரிமைத் தொகுப்பு), புதிய சாவி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்தவன் பின்வாசல் வைத்துவிட்டுத்தான் போவான்.

இனி எல்லா ரீஜன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சர்வர் எண்ணிக்கைக்கான உச்சவரம்பு ஒவ்வொரு ரீஜனுக்கும் தனித்தனி என்பதால், கிரிப்டோ மைனிங் செய்பவர்கள் சாவ் பாலோ, அயர்லாந்து, டோக்கியோ என்று பரப்பித்தான் ஓட்டுவார்கள். மும்பையை மட்டும் சுத்தம் செய்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டோ ஸ்கேலிங் குரூப் இருந்தால் அதை முதலில் அழியுங்கள். இல்லையென்றால் நீங்கள் அழிக்க அழிக்கப் புதிய சர்வர் முளைக்கும். சிறு நிரல்களைச் சர்வர் இல்லாமலே ஓட்டும் லாம்டா, கன்டெய்னர் சேவைகளையும் பாருங்கள். கணக்கில் நடப்பதைப் பதிந்துவைக்கும் கிளவுட்ட்ரெயிலில் கடைசி 90 நாள் நிகழ்வுகளை இலவசமாகப் பார்க்கலாம். அந்தச் சாவியின் எண்ணை வைத்துத் தேடினால் நடந்தது முழுவதும் வரிசையாகத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் 'அக்கவுண்ட் அண்ட் பில்லிங்' பிரிவில் சப்போர்ட் கேஸ் திறங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. சாவி எப்போது கசிந்தது, எப்போது முடக்கினீர்கள், எந்தெந்த ரீஜனைச் சுத்தம் செய்தீர்கள் என்று தேதி நேரத்தோடு எழுதுங்கள். அவர்கள் தொகையைக் குறைப்பதோ தள்ளுபடி செய்வதோ உண்டு, கட்டாயம் இல்லை. கார்டை முடக்கிவிட்டு ஒளிந்துகொள்வது மட்டும் வேண்டாம், கடன் அப்படியே இருக்கும்.

இனிமேல் ஈசி2-வில் ஓடும் புரோகிராமுக்குச் சாவியே வேண்டாம். ரோல் இணைத்தால் போதும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஃப்ரீலான்சரிடம் எங்கள் ஆப்பைச் செய்து வாங்கினோம். முழுப் பணமும் கொடுத்தாயிற்று. ஒப்பந்தம் வாய்வார்த்தைதான். இப்போது முதலீட்டாளர் 'கோடின் உரிமை யாருடையது' என்று கேட்கிறார். பணம் கொடுத்த எங்களுடையதுதானே?
– வாசகர், சேலம்

பதில்: சட்டப்படி அது இன்னும் அவருடையதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பின் கீழ் வருகிறது. பிரிவு 17-ன்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் வேலையின் போக்கில் எழுதியது முதலாளிக்குச் சொந்தம். வெளியாளிடம் பணம் கொடுத்துச் செய்து வாங்கியதற்கு அந்த விதி பொருந்தாது. புகைப்படம், ஓவியம், திரைப்படம் போன்ற சிலவற்றுக்குப் பணம் கொடுத்தவருக்கு உரிமை என்று சட்டம் சொல்கிறது. நிரல் அந்தப் பட்டியலில் இல்லை.

எனவே அவரிடம் இப்போது உரிமை மாற்றுப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும். பிரிவு 19-ன்படி அது எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓராண்டுக்குள் நீங்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் பிரிவு 19(4)-ன்படி அது காலாவதியாகவும் கூடும். ஆகவே 'பதிப்புரிமையின் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்' என்ற சொற்களும், கொடுத்த தொகையும், 'பிரிவு 19(4) இதற்குப் பொருந்தாது' என்ற வரியும் பத்திரத்தில் இருக்கட்டும். வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்து வாங்காதீர்கள்.

இதில் இன்னொரு ஓட்டை உண்டு. கம்பெனி பதிவாவதற்கு முன்பு நிறுவனர்களான நீங்கள் எழுதிய கோடு உங்கள் தனிச்சொத்து. அதையும் கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும். ஒரு நிறுவனர் கோபித்துக்கொண்டு விலகும் நாளில் இது பெரிய வழக்காகும்.

பத்திரத்தோடு நில்லாமல் டொமைன் பெயர், பிளே ஸ்டோர் கணக்கு, கிட்ஹப் எல்லாம் யார் மின்னஞ்சலில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். ஃப்ரீலான்சரின் சொந்தக் கணக்கில் ஆப் இருந்தால், கம்பெனி பெயரில் டெவலப்பர் கணக்கு தொடங்கி ஆப்பை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். கூகுள் அதை அனுமதிக்கிறது. முதலீட்டாளர் கேட்கும் வரை காத்திருந்தால் ஃப்ரீலான்சர் சொல்லும் விலை வேறாகிவிடும்.

கேள்வி: ஆறு பேர் கொண்ட எங்கள் ஸ்டார்ட்அப்பில் குபெர்னட்டீஸ் (பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்), மைக்ரோசர்வீஸ் (ஒரு அப்ளிகேஷனைப் பல சிறு சேவைகளாகப் பிரிப்பது) இரண்டுக்கும் மாறலாமா? அல்லது கிளவுடையே விட்டு சொந்த சர்வர் வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: இரண்டும் வேண்டாம். ஒரு அப்ளிகேஷன், ஒரு போஸ்ட்கிரெஸ், இரண்டு சர்வர் என்பது பல ஆயிரம் பயனர்கள் வரை தாங்கும். அமேசானின் பிரைம் வீடியோ குழுவே, தன் ஒளிபரப்புத் தரத்தைக் கண்காணிக்கும் ஒரு சேவையைச் சிறு சிறு லாம்டாக்களிலிருந்து ஒரே அப்ளிகேஷனாகச் சேர்த்து, அதன் செலவில் 90 சதவீதத்தைக் குறைத்ததாக 2023-ல் எழுதியது. சொந்த சர்வருக்கு மாறிய 37சிக்னல்ஸ் நிறுவனத்துக்கு 2022-ல் கிளவுட் செலவு 32 லட்சம் டாலர். சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்களும் ஏற்கெனவே இருந்தார்கள். சோஹோ தன் சொந்த டேட்டா சென்டரில் ஓடுவதும் அந்த அளவில் நியாயமே. உங்கள் பில் மாதம் சில லட்சத்தைத் தொடும்போது மறுபடி கேளுங்கள்.

கேள்வி: ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலை கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 28 லட்சம் சம்பளம், கூடவே '12 லட்சம் மதிப்புள்ள இசாப்' (குறித்த விலையில் கம்பெனியின் பங்கை வாங்கும் உரிமை, அதாவது ஆப்ஷன்). இதை 40 லட்சம் என்று எண்ணலாமா?
– வாசகி, சென்னை

பதில்: எண்ணக் கூடாது. 28 லட்சம் உங்கள் குடும்பத்துக்குப் போதுமா என்று மட்டும் பார்த்து முடிவெடுங்கள். 'மதிப்பு' என்பது கடைசி முதலீட்டுச் சுற்றில் யாரோ போட்ட விலை. நீங்கள் கேட்க வேண்டியவை: எத்தனை ஆப்ஷன், கம்பெனியின் எல்லா ஆப்ஷன்களையும் சேர்த்த மொத்தப் பங்குகள் எத்தனை, ஒரு பங்கை வாங்க நான் கட்ட வேண்டிய விலை என்ன, வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும். மொத்தப் பங்கு எண்ணிக்கையைச் சொல்ல மறுத்தால் அந்த இசாப்பைப் பூஜ்யமாக எண்ணுங்கள்.

கடைசிக் கேள்வியில்தான் பலர் இழக்கிறார்கள். உதாரணமாக 4,000 ஆப்ஷன். வாங்கும் விலை 10 ரூபாய். வாங்கும் நாளில், பங்கை மதிப்பிடும் மெர்ச்சன்ட் பேங்கர் குறித்த மதிப்பு 310. வித்தியாசம் 300 வீதம் 12 லட்சம் உங்கள் சம்பள வருமானமாகக் கருதப்படும். 30 சதவீத வரம்பில் இருப்பவர் செஸ் சேர்த்து 3,74,400 ரூபாய் வரி கட்ட வேண்டும். கையில் இருப்பதோ விற்க முடியாத பங்கு. வேலையை விட்டபின் அவகாசம் 90 நாள்தான் என்றால், அதற்குள் இதைப் புரட்ட முடியாமல் எல்லாவற்றையும் கைவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இந்த வரியைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடும் சலுகை, வரிவிலக்குச் சான்றிதழ் பெற்ற ஸ்டார்ட்அப் ஊழியர்களுக்கு மட்டுமே. மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறையான டிபிஐஐடி தரும் அங்கீகாரம் மட்டும் போதாது. அந்தச் சலுகையும் வேலையை விட்டதும் முடிந்துவிடும். எனவே விலகிய பின் ஆப்ஷனை வாங்க ஐந்தாண்டு, பத்தாண்டு அவகாசம் தரும் கம்பெனியாக இருந்தால் அதற்குத் தனி மதிப்புக் கொடுங்கள். சென்னையில் 2010-ல் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ், அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது 2021 செப்டம்பரில். நன்றாக முடிந்த கதைக்கே பதினோரு ஆண்டுகள் ஆயின.

கேள்வி: முதல் வேலை. மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற பாண்டு, விலகிய பின் ஓராண்டு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை என்று இரண்டிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இவை செல்லுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் ஒன்றல்ல. விலகிய பின் வேறெங்கும் சேரக் கூடாது என்பது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ரகசியங்களையும் கோடையும் எடுத்துப் போகக் கூடாது என்பது செல்லும். மடிக்கணினியைத் திருப்பித் தரும் முன் ஒரு வரிக் கோடுகூட உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள்.

பாண்டை 'எல்லாம் செல்லாது' என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறைந்தபட்ச மூன்றாண்டு அல்லது 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது பொதுத்துறை வங்கி, ஆள் தேர்வுக்கு அதற்கு ஆகும் செலவு வேறு என்பதும் தீர்ப்பில் முக்கியமான காரணம். உங்கள் நிறுவனம் உண்மையிலேயே என்ன பயிற்சி கொடுத்தது, அதற்கு என்ன செலவானது என்பதே வழக்கில் கேள்வியாகும். விலகுவதாக இருந்தால் நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, தொகையைப் பேசிக் குறைத்து, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டரை வாங்கியதோடு, பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிறுவனம் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் உங்கள் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) கணக்கில் நுழைந்து நீங்களே பதிந்துகொள்ளலாம்.